ஏ. எஃப். எஸ். தல்யார்கான்

ஏ. எஃப். எஸ். தல்யார்கான் (1897 - 1990) இந்திய வானொலியில் துடுப்பாட்டப் போட்டிகளை முதன்முதலாக நேர்முக வருணனை செய்தவர் ஆவார். முழுப்பெயர் அர்தேசிர் ஃபர்தூன்ஜி சோராப்ஜி தல்யார்கான். நண்பர்களும் வாசகர்களும் இவரைப் பாபி தல்யார்கான் என்றே அழைத்தனர். பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவர். 1934 ஆம் ஆண்டு பம்பாயில் பார்சிகளுக்கும் முசுலிம்களுக்கும் இடையே நடந்த நாற்கோணப் போட்டியை இவர் வருணித்ததே இந்தியாவின் முதல் துடுப்பாட்ட வானொலி வருணனையாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் இந்திய வானொலியில் துடுப்பாட்டம் என்றால் இவர் குரல் என்றே இருந்தது. ஒலிவாங்கியை மற்றவருடன் பகிர்ந்துகொள்ள மறுத்து 1948-49 பருவத்தில் வருணனைப் பணியிலிருந்து விலகினார். பின்னர் நீண்டகாலம் விளையாட்டுப் பத்தி எழுத்தாளராக விளங்கினார்.

சிக்கிம் மாநில ஆளுநராக இருந்த ஓமி தல்யார்கான் வேறொருவர். இருவரும் பம்பாய்ப் பார்சிகள் என்பதால் சில இடங்களில் பெயர்கள் குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

பின்னணி

வானொலி தோன்றிய சில ஆண்டுகளிலேயே விளையாட்டும் அதனுள் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் 1921 இல் குத்துச்சண்டைப் போட்டிகள் ஒலிபரப்பாயின. துடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை 1922 இல் ஆத்திரேலியாவின் சிட்னி மைதானத்தில் நடந்த ஒரு போட்டியை லென் வாட் என்பவர் வருணித்ததே தொடக்கம் எனப்படுகிறது. இங்கிலாந்தில் 1927 சனவரியில் பிபிசி ஒரு ரக்பி போட்டியை ஒலிபரப்பியது. அதே ஆண்டு மே மாதம் லேட்டன் மைதானத்தில் எசெக்சு அணி நியூசிலாந்து அணியுடன் ஆடிய ஆட்டத்தை, முன்னாள் ஆட்டக்காரரான பாதிரியார் கில்லிங்காம் வருணித்தார். துடுப்பாட்டம் வானொலிக்கு ஏற்றதன்று என்று அப்போது பலர் எண்ணினர். ஆட்டம் மெதுவானது, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு, அந்த மௌனத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே அவர்களின் ஐயம்.

இந்தியாவில் ஒலிபரப்பு ஆர்வலர் சங்கங்களால் தொடங்கப்பட்டது. சென்னையில் 1924 இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பை நடத்தியது. பணமின்மையால் 1927 இல் நின்றது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பி வந்தது. பம்பாயில் 1927 சூலை 23 அன்று இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் நிறுவனத்தின் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்தில் கல்கத்தா நிலையமும் திறக்கப்பட்டது. இரண்டு நிலையங்களின் ஒலிபரப்பிகளும் ஒன்றரை கிலோவாட்டு ஆற்றல் மட்டுமே உடையவை. சுமார் 30 மைல் தொலைவுக்குள்தான் தெளிவாகக் கேட்கும். 1927 இறுதியில் நாட்டில் இருந்த வானொலி உரிமங்கள் 3,594. ஆண்டு உரிமக் கட்டணம் 10 ரூபாய். வருவாய் போதாமல் நிறுவனம் 1930 மார்ச்சில் மூடப்பட்டது. அரசு அதை ஏற்று இந்திய அரசு ஒலிபரப்புச் சேவை என்ற பெயரில் நடத்தியது. இச்சேவையே 1936 சூன் 8 முதல் அகில இந்திய வானொலி எனப் பெயர் மாற்றப்பட்டது.

தல்யார்கான் தம் முதல் வருணனையை அகில இந்திய வானொலியில் செய்தார் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. 1934 இல் அப்பெயரில் ஒரு நிறுவனம் இல்லை. அவர் பேசியது அரசு ஒலிபரப்புச் சேவையின் பம்பாய் நிலையத்தில் ஆகும். அந்நிலையத்தின் ஆற்றலைக் கருதினால் அவ்வருணனையைப் பம்பாய் நகரமும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே நன்கு கேட்டிருக்க இயலும். நாடு தழுவிய ஒலிபரப்பு என்பது 1937-38 இல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் சிற்றலை ஒலிபரப்பிகள் நிறுவப்பட்ட பின்னரே கைகூடியது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும் திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன.

முதல் வருணனை

பம்பாய் நாற்கோணப் போட்டி அக்காலத்தில் இந்தியாவின் மிகப்பெரிய துடுப்பாட்ட விழாவாகும். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முசுலிம்கள் என நான்கு அணிகள் இதில் மோதின. 1912 முதல் நடந்து வந்த இப்போட்டி, சட்டமறுப்பு இயக்கத்தின் காரணமாக 1930 முதல் 1933 வரை நடைபெறவில்லை. 1934 இல் அது மீண்டும் தொடங்கியபோது மக்களிடையே பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1933 திசம்பரில், இந்திய மண்ணின் முதல் தேர்வுப் போட்டி பம்பாய் சிம்கானா மைதானத்தில் நடந்திருந்தது. அப்போட்டியில் லாலா அமர்நாத் இங்கிலாந்துக்கு எதிராக 118 ஓட்டங்கள் எடுத்து இந்தியாவின் முதல் தேர்வுச் சதத்தை அடித்திருந்தார். ஆகவே நகரமே துடுப்பாட்ட மயக்கத்தில் இருந்த நேரம் அது.

எசுபிளனேடு திடலில் அமைந்த அம்மைதானத்தில் இருந்துதான் தல்யார்கான் பேசினார். அவருக்கு முன்மாதிரி என்று சொல்ல இந்தியாவில் எவரும் இலர். ஓட்டக்கணக்குகளைத் தொகுத்துக் கொடுக்கும் புள்ளிவிவரக்காரர் அக்கால வருணனையில் இல்லை. இடைவேளையில் பேச முன்னாள் வீரர்களும் இல்லை. ஒரு மனிதர், ஓர் ஒலிவாங்கி, நிலையத்துடன் இணைக்கும் ஒரு கம்பி, எதிரே புள்ளிப்பலகை. நடந்து முடிந்த பந்தை மீண்டும் பார்க்க வழியில்லை. நடுவர் கை உயர்த்தியது ஏன் என்று தெரியாவிட்டாலும் ஏதோ சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் அதை அடுத்த நொடியே திருத்தியாக வேண்டும்.

அவ்வாண்டுப் போட்டியில் முசுலிம் அணியே வெற்றிக்கோப்பையை வென்றது. தல்யார்கானோ தம் சொந்தச் சமூகத்தின் அணி ஆடும் ஆட்டத்தை அனைத்துச் சமூகத்தவருக்கும் வருணிக்க வேண்டியிருந்தது. சமயத்தின் பெயரால் அணிகள் அமைந்த ஒரு போட்டியில் வருணனையாளர் ஒருவர் எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவது எளிதான செயல் அன்று. இந்திய விளையாட்டு ஒலிபரப்பு அதன் முதல் நாளிலேயே இச்சோதனையை எதிர்கொண்டது.

வருணனை முறை

தல்யார்கானின் வருணனை பற்றி எழுதிய அனைவரும் இரண்டு செய்திகளைக் குறிப்பிடுகின்றனர். ஒன்று அவரது குரல். கனமும் இனிமையும் கலந்த, சற்றே நாடகத்தன்மை வாய்ந்த குரல் அது. மற்றொன்று அவரது பொறுமை. உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை ஆகிய இரண்டு நேரங்களைத் தவிர நாள் முழுவதும் அவர் ஒருவரே இடைவிடாமல் பேசினார். வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா தம் துடுப்பாட்ட வரலாற்று நூலில் இத்திறனை மனித ஆற்றலுக்கு மிஞ்சிய ஒன்றாகவே வியந்து குறிப்பிட்டுள்ளார்.

ஒரு நாள் ஆட்டம் என்பது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். பின்னாளில் வருணனையாளர்கள் இருபது அல்லது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசும் வழக்கம் ஏற்பட்டது. முப்பது நிமிடங்கள் பேசியவுடன் தொண்டையும் கவனமும் ஒருசேரத் தளர்ந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். பந்து வீச்சாளர் ஓடிவருவதையும் களத்தடுப்பாளர் நிற்கும் இடத்தையும் துடுப்பாளர் ஆடிய விதத்தையும் ஓட்ட எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் கவனித்து, அவற்றைச் சொற்றொடராக்கி, அச்சொற்றொடர் முடிவதற்குள் அடுத்த பந்துக்கு ஆயத்தமாக வேண்டும். இதை ஒருவர் ஐந்து மணி நேரம் செய்வது இன்று எண்ணிப் பார்க்கவும் அரிது.

பந்துகளுக்கு இடையேயான மௌனத்தைத் தல்யார்கான் கதைகளால் நிரப்பினார். ஆட்டக்காரர்களைப் பற்றிய செய்திகள், பழைய போட்டிகளின் நினைவுகள், பார்வையாளர் கூட்டத்தில் தென்பட்ட காட்சிகள் என அவரிடம் குன்றாத சேமிப்பு இருந்தது. ஆட்டம் மந்தமானால் பேச்சு விரிந்தது. ஆட்டம் சூடுபிடித்தால் பேச்சு சுருங்கியது. மெதுவான ஆட்டம் வானொலிக்கு ஏற்றதன்று என்ற பழைய ஐயத்துக்கு நடைமுறையில் கிடைத்த விடை இதுவே எனலாம். இங்கிலாந்திலும் பின்னாளில் சான் ஆர்லட் போன்றோர் இவ்வழியிலேயே புகழ் பெற்றனர். அந்த ஆர்லட் 1946 இல் தம் துடுப்பாட்ட வருணனையைத் தொடங்கியதும் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த இந்திய அணியின் ஆட்டங்களை பிபிசியின் கீழைநாட்டுச் சேவைக்காக, அதாவது இந்திய நேயர்களுக்காக, விவரித்தபோதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

தல்யார்கான் பேசியது ஆங்கிலத்தில். அக்கால வானொலிப் பெட்டிகள் விலை மிகுந்தவை. 1930களின் தொடக்கத்தில் அவற்றின் மீதான இறக்குமதி வரியும் இரட்டிப்பாக்கப்பட்டது. எனவே வீட்டில் பெட்டி வைத்துக் கேட்டோர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த நகர்ப்புறத்தினரே. ஆனால் உணவகங்களிலும் வானொலிக் கடைகளின் வாயிலிலும் கூடிநின்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் பெயர், ஓட்ட எண்ணிக்கை, கூட்டத்தின் ஆரவாரம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கொண்டே ஆட்டத்தின் போக்கை உணர்ந்துகொள்ள முடியும். தமிழ்நாட்டிலும் ஆங்கில வருணனையை இவ்வாறு கேட்டுப் பழகிய தலைமுறைகள் உண்டு.

அவரது வருணனைகள் குறித்து ஆராய விரும்புவோருக்குப் பெரிய தடை ஒன்றுள்ளது. ஒலிநாடா பரவலாவதற்கு முந்திய காலம் ஆதலால் நாள் முழுவதும் நீளும் நேர்முக வருணனைகளைப் பதிவுசெய்து காக்கும் வழக்கம் இருக்கவில்லை. காற்றில் சென்றது காற்றோடு போயிற்று. அவர் பெற்ற புகழ் முழுவதும் கேட்டவர்களின் நினைவையும் அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் நம்பியே நிற்கிறது.

ஐங்கோணப் போட்டிகள்

1937 இல் பம்பாயில் பிராபோர்ன் அரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் இந்தியக் கிறித்தவர் உள்ளிட்டோரைக் கொண்ட எஞ்சியோர் என்ற ஐந்தாவது அணியும் சேர்க்கப்பட்டுப் போட்டி ஐங்கோணப் போட்டி ஆனது. இருக்கை ஒதுக்கீட்டுத் தகராறால் முதல் ஆண்டிலேயே இந்துக்கள் அணி விலகி நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிற நாட்டு அணிகளின் வருகை நின்றுபோனதால், இந்திய நேயருக்கு இப்போட்டிகளே துடுப்பாட்டத்தின் உச்சமாயின.

வருணனையாளருக்கு இதைவிட வளமான களம் வாய்த்திருக்க முடியாது. 1943-44 இறுதிப் போட்டியில் இந்துக்கள் அணிக்காக விசய் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250 ஓட்டங்கள் எடுத்தார். எஞ்சியோர் அணியின் விசய் அசாரே அதற்கு விடையாக, தம் அணி எடுத்த 387 ஓட்டங்களில் தாம் மட்டும் 309 எடுத்தார். அதில் அவரும் அவர் தம்பி விவேக்கும் சேர்ந்து 300 ஓட்டங்கள் குவித்தனர். அந்த முந்நூறில் தம்பியின் பங்கு 21 மட்டுமே. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் முசுலிம் அணி ஒரே இலக்கு மீதமிருக்க இந்துக்களை வென்றது, கே. சி. இப்ராகிம் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 137 ஓட்டங்களுடன் இறுதிவரை நின்றார். தம் அணி தோற்றபோதும் அரங்கில் இருந்த இந்துப் பார்வையாளர் பலர் அவ்வெற்றியைப் பாராட்டினர் என்பது அக்காலத்தவர் நினைவுகூரும் செய்தி.

சமய அடிப்படையிலான இப்போட்டிகளுக்கு எதிர்ப்பும் வளர்ந்து வந்தது. 1940 திசம்பரில் மகாத்மா காந்தி தம்மைக் காணவந்த இந்து சிம்கானாவினரிடம் சமயவாரியான ஆட்டத்தைத் தாம் ஏற்கவில்லை என்பதைத் தெரிவித்தார்; அவ்வாண்டு இந்துக்கள் அணி போட்டியில் கலந்துகொள்ளவில்லை. பத்திரிகையாளர்களிலும் பலர் போட்டியைக் கைவிட வேண்டும் என எழுதினர். 1945-46 பருவத்துடன் ஐங்கோணப் போட்டி முடிவுக்கு வந்தது. இந்திய வானொலியின் துடுப்பாட்ட வருணனை பிறந்து வளர்ந்த களம் அவ்வாறு மறைந்தது.

வானொலியிலிருந்து விலகல்

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, இலக்னோ என ஆறு வானொலி நிலையங்கள் இருந்தன. வானொலிப் பெட்டிகளின் எண்ணிக்கை சுமார் 2,75,000. 1927 இன் மூவாயிரத்துச் சொச்சத்துடன் ஒப்பிட்டால் இது பெரும் வளர்ச்சி. 1948-49 பருவத்தில் சான் கோடார்டு தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்தது. விடுதலைக்குப்பின் இந்திய மண்ணில் நடந்த முதல் தேர்வுத் தொடர் அது. நான்கு நகரங்களும் ஐந்து போட்டிகளும் கொண்ட அத்தொடருக்கு அகில இந்திய வானொலி மூவர் கொண்ட வருணனைக் குழுவை அமர்த்த முடிவு செய்தது.

தல்யார்கான் இதற்கு இணங்கவில்லை. ஒலிவாங்கியை வேறெவருடனும் பகிர்ந்துகொள்ள அவர் ஆயத்தமாக இல்லை. தனியாகப் பேசுவது அல்லது பேசாமலிருப்பது என்பதே அவர் நிலைப்பாடு. நிறுவனமும் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் விலகினார்.

இம்முடிவை வெறும் செருக்கு எனக் கொள்வோரும் உண்டு. அது முழு நியாயம் ஆகாது. பதினான்கு ஆண்டுகளாக ஒருவர் உருவாக்கிய முறையில் ஒரு நாள் ஆட்டம் என்பது காலையில் தொடங்கி மாலையில் முடியும் ஒரே கதை. காலையில் சொன்ன ஒரு சிறு செய்தியை மாலையில் எடுத்து முடிச்சிட அக்கதை சொல்பவருக்கு மட்டுமே இயலும். அரை மணிக்கு ஒருவர் மாறும்போது அக்கதை துண்டுகளாகிவிடும் என்று அவர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

மறுபுறம் வானொலியின் தரப்பிலும் நியாயம் இருந்தது. நாட்டின் ஒரே ஒலிபரப்பு நிறுவனம் தன் விளையாட்டு ஒலிபரப்பு முழுவதையும் ஒருவர் தொண்டையை நம்பி நடத்த முடியாது. அவர் நோயுற்றால் போட்டியே ஒலிபரப்பாகாது. ஒருவர் கண்ணில் படாதது நாடு முழுவதற்கும் படாததாகிவிடும். பிபிசியும் ஆத்திரேலிய ஒலிபரப்பு ஆணையமும் அதற்கு முன்பே பலர் பேசும் முறைக்கு மாறியிருந்தன. ஆத்திரேலியாவில் 1938 இல் இங்கிலாந்துத் தொடரைக் கம்பித் தந்திச் செய்திகளைக் கொண்டு நிலையத்துக்குள்ளேயே அமர்ந்து ஆட்டம் போல் நிகழ்த்திக்காட்டியபோதும், ஒருவர் பின் ஒருவராகப் பலர் பேசினர். மட்டை பந்தைத் தொடும் ஓசைக்கு மரத்துண்டில் பென்சிலால் தட்டினர்.

தனிக்குரல் வருணனை முடிவுக்கு வந்த அத்தொடரின் முடிவும் மறக்கமுடியாதது. எவர்டன் வீக்சு அத்தொடரில் தம் தொடர்ச்சியான ஐந்தாவது தேர்வுச் சதத்தை அடித்து, சென்னைச் சேப்பாக்கத்தில் 90 ஓட்டங்களில் ஓட்டமிழந்து ஆறாவதைத் தவறவிட்டார். 1949 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த கடைசிப் போட்டியில் இந்தியாவின் வெற்றிக்கு 361 ஓட்டங்கள் தேவைப்பட்டன. இந்தியா 8 இலக்குகளை இழந்து 355 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில், ஓவர் முடிய இன்னும் ஒரு பந்து இருக்கும்போதே நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஆறு ஓட்டங்களில் இந்தியா தன் முதல் தேர்வு வெற்றியைத் தவறவிட்டது. அவ்வெற்றிக்கு மேலும் மூன்று ஆண்டுகள், 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வெல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்வந்த வருணனையாளர்கள்

தல்யார்கானுக்குப் பின் குழு வருணனையே நிலைபெற்றது. கல்கத்தாப் பத்திரிகையாளர் பெரி சர்வாதிகாரி, பியர்சன் சுரிட்டா, தேவராசு புரி, டிக்கி ரத்னாகர் முதலியோர் ஆங்கில வருணனையில் பெயர் பெற்றனர். 1936 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைவராக இருந்து, லாலா அமர்நாத்தைத் தொடரின் நடுவே நாட்டுக்குத் திருப்பி அனுப்பியதால் பெரும் சர்ச்சைக்கு ஆளான விசியநகர மகாராசகுமாரும் பின்னாளில் வானொலி வருணனையாளர் ஆனார். தல்யார்கானோ உயர்நிலை ஆட்டக்காரராக அறியப்பட்டவர் அல்லர். ஆடியவர்தான் பேசவேண்டுமா, பேசத்தெரிந்தவர் பேசவேண்டுமா என்ற கேள்வி இந்திய வருணனையில் அப்போதே தோன்றிவிட்டது.

சென்னையிலிருந்து பாலு அழகனன் இவ்வரிசையில் இடம்பெற்றார். 1954-55 இல் ஓல்கர் அணியை வென்று சென்னை முதன்முறையாக இரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியபோது அணித்தலைவராக இருந்தவர் இவர். 1960களில் மின்கலத்தில் இயங்கும் சிறிய டிரான்சிசுடர் பெட்டிகள் பரவியதும் நேயர் தொகை பன்மடங்கு பெருகியது. வங்காளத்தில் அசய் பாசு, கமல் பட்டாச்சாரியா முதலியோரும், இந்தியில் சசுதேவ் சிங், இரவி சதுர்வேதி, சுசீல் தோசி முதலியோரும் மக்கள் மொழியில் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினர். தமிழில் அப்துல் சப்பார், இராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் குரல்கள் சென்னை வானொலி நேயர்களுக்கு நன்கு அறிமுகமானவை. ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு உடனுக்குடன் தமிழ் தேடவேண்டிய நெருக்கடி இவர்களுக்கு இருந்தது. அச்சில் எழுதுபவருக்குச் சொல்லைத் தேட நேரம் உண்டு. வருணனையாளருக்குப் பந்து துடுப்பிலிருந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும் நேரம் மட்டுமே உண்டு.

மீண்டும் ஒலிவாங்கி முன்

விலகியபின் தல்யார்கான் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1954-55 இல் வினு மன்காட் தலைமையில் இந்திய அணி முதன்முறையாகப் பாகித்தான் சென்றபோது அவர் மீண்டும் வருணனையில் ஈடுபட்டார். 1955 புத்தாண்டு நாளில் டாக்காவில் தொடங்கிய அத்தொடரின் ஐந்து போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இரு அணிகளும் தோல்விக்கு அஞ்சி ஆடியதால் ஆட்டங்கள் மிக மந்தமாக இருந்தன. பாகித்தான் வானொலியில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தவர்கள் ஓமர் குரேசியும் சம்சீத் மார்க்கரும் ஆவர். மார்க்கரும் தல்யார்கானைப் போலவே பார்சி. பின்னாளில் பல நாடுகளில் பாகித்தானின் தூதராகப் பணியாற்றினார்.

1972-73 இல் டோனி லூயிசு தலைமையில் இங்கிலாந்து அணி வந்தபோது, ஒவ்வொரு நாள் ஆட்டத்தின் முடிவிலும் அன்றைய ஆட்டத்தைத் தொகுத்துரைக்கும் பணி தல்யார்கானுக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 75. தொகுப்புரை என்பது ஒருவரே பேசுவது; எவருடனும் பகிரவேண்டியதில்லை. பி. எசு. சந்திரசேகர் 35 இலக்குகளை வீழ்த்திய அத்தொடரை அசித் வாடேகரின் அணி இரண்டுக்கு ஒன்று என வென்றது. தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், 1972 அக்டோபர் 2 அன்று, பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டிருந்தது. தல்யார்கானை முதன்முதலில் கேட்ட நகரம் இப்போது ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியது. சென்னைக்குத் தொலைக்காட்சி 1975 இல்தான் வந்தது; அதுவரையிலும் அதற்குப் பின்னும் நெடுநாள் தமிழ்நாட்டுக்கு வானொலியே ஆடுகளம்.

எழுத்துப்பணி

வருணனையாளராக இருந்த காலத்திலும் அதற்குப் பின்னும் தல்யார்கான் பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். ஆர். கே. கரஞ்சியா நடத்திய பிளிட்சு வார இதழில் இவரது விளையாட்டுப் பத்தி வெளிவந்தது. 1979 இல் தொடங்கப்பட்ட மிட்-டே மாலை நாளிதழில் டேக் இட் ஃபிரம் மி என்ற தலைப்பில் எழுதிவந்தார். தேர்வுக்குழுவினர், சங்க நிருவாகிகள், ஆட்டக்காரர்கள் என எவரையும் தயக்கமின்றிக் கண்டிக்கும் எழுத்து அவருடையது. ஸ்டீவ் என்ற ஒரு கற்பனை மனிதரை விளித்து, தாம் சொன்னது விளங்கிற்றா என வினவி முடிப்பது இப்பத்திகளின் அடையாளமாக இருந்தது. அந்த ஸ்டீவ் யார் என்பது வாசகர்களுக்கு ஒரு புதிராகவே இருந்திருக்க வேண்டும். எழுதும்போதும் எதிரே ஒருவர் அமர்ந்து கேட்பதாக எண்ணிக்கொள்ளும் பழக்கம், கண்ணுக்குத் தெரியாத நேயரிடம் பல்லாண்டுகள் பேசியவரிடம் எதிர்பார்க்கக்கூடியதே.

பின்வந்தோர் பலரைப் போலப் பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தவராக மட்டும் இவரைக் கருதுவது பொருந்தாது. இரண்டும் அவரிடம் ஒரே செயலாகவே இருந்தன. இளம் வாசகர்களில் பலர் இவரை வானொலியில் கேட்டதே இல்லை, ஏ.எஃப்.எசு.டி. என்ற நான்கு எழுத்துகளாகவே அறிந்திருந்தனர்.

தல்யார்கான் 1990 ஆம் ஆண்டு தம் தொண்ணூறுகளில் காலமானார். மும்பைச் சங்கத் துடுப்பாட்டத்தில் அவர் நினைவாக ஒரு கேடயப் போட்டி நடத்தப்பட்டது.